சான்றிதழ்க்காரர் கட்டாரில், கூரையில் யார்?

போன கிழமை உப்புவெளியில் ஒரு வீட்டுக் கூரையில் ஏறினேன். சோலார் பனலுக்கடியில் வயர் சேரும் கனெக்டர் உருகிக் கறுத்துக் கூரைச் சீற்றோடு ஒட்டிக்கிடந்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் பின்னை அதற்குரிய கருவியால் அழுத்தாமல் குறட்டால் நசுக்கியிருக்கிறார்கள், பல் அடையாளம் அப்படியே தெரிகிறது. இந்த வருடம் இது நாலாவது.

வீட்டுக்கார ரீச்சர் கோப்பை விரித்தார். "சேர்டிபிகேட் பார்த்துத்தானே தம்பி குடுத்தனாங்கள்." என்.வி.கியூ 4, அதாவது தேசிய தொழில் தகைமையின் நாலாம் மட்டம், போலி இல்லை. ஆனால் அதற்குரியவர் எனக்குத் தெரிந்த பெடியன், கட்டாருக்குப் போய் இரண்டு வருடம். ஏறியது வேறு இரண்டு பேர்.

"கொம்பனியிட்ட இருக்குத்தானே?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. என்.வி.கியூ ஆளுக்குக் கொடுப்பது. அண்ணனிடம் லைசென்ஸ் இருக்கிறதென்று தம்பி பஸ் ஓட்டலாமா? முதலாளியிடம் இருந்தால் கண்டக்டர் ஓட்டலாமா? நிறுவனம் நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிந்திருந்தால் நல்லதுதான். ஆனால் உங்கள் கூரையில் ஏறும் கையைப் பற்றி அந்தப் பதிவு ஒன்றும் சொல்லாது.

சிலர் ஐ.ஈ.சி. 61215 தாளைக் காட்டி "நாங்கள் இன்டர்நஷனல்" என்பார்கள். அது பனல் பாஸ் பண்ணிய சோதனை ஐயா, நீங்கள் அல்ல! இன்வேட்டர் கொம்பனி ஹோட்டலில் ஒருநாள் வகுப்பு வைத்துப் பகல் சாப்பாட்டோடு தரும் தாளும் அப்படித்தான், வந்திருந்தார் என்பதற்கு மட்டும் அத்தாட்சி.

பத்துப் பனலைத் தொடராகக் கோத்தால் 400 வோல்ட் டி.சி. (நேர் மின்னோட்டம்) தாண்டலாம். பொறி பிடித்தால் லேசில் அணையாது. மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் வெயில் இருக்கும்வரை பனல் பக்கம் உயிரோடுதான் இருக்கும்.

அதனால் ஏணி வைக்குமுன் ஏறுபவரின் அடையாள அட்டையையும் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். பழகுகிற பெடியன் ஏறினால் பிழையில்லை, சான்றிதழ்க்காரர் கூட நிற்கட்டும். திகதியையும் பாருங்கள். வட அமெரிக்காவில் சோலார் வேலை செய்பவர்களுக்குக் கொடுக்கும் நாப்செப் சான்றிதழை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதைப் போட்டுக்கொள்பவர்களில் எத்தனை பேர் செய்கிறார்களோ! கேட்டால் கோபிக்கிறாரா? ஏணியைத் தூக்கிக்கொண்டு போகட்டும்.

தம்பிமாரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வேலையை விட்டுப் போகும்போது, என் சான்றிதழை இனிப் பாவிக்கக்கூடாது என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள், பிரதி உங்களிடம் இருக்கட்டும். உருகிய கனெக்டரைப் படமெடுத்து அந்தக் கட்டார்ப் பெடியனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரவு பதில் வந்தது: "அண்ணை, இது ஆற்ற வீடு?"