தேர்தலுக்கு மட்டும் தேவைப்படும் கோபம்

"என்ர பெடியனுக்குக் கோபம் கூடிப்போச்சு, ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ மிஸ்."

கிளிநொச்சிப் பக்கம் உளவளத்துணை வேலைக்கு வந்த நாளிலிருந்து தாய்மாரிடம் நான் அதிகம் கேட்டது இதுதான். பெடியன் தலையைக் குனிந்தபடி ஃபோனைத் தடவிக்கொண்டிருப்பான். முதல் அரைமணித்தியாலம் "ஒண்டுமில்லை" என்பதைத் தவிர வேறு பேச்சு வராது.

பிறகு மெல்ல வரும். உயர்தரம் முடித்து இரண்டு வருடம், வேலை இல்லை. அம்மா எடுத்த நுண்கடனுக்குக் கிழமைக்குக் கிழமை ஆள் வந்து படலையில் நிற்கிறான். காணாமல் ஆக்கப்பட்ட மாமாவைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அம்மம்மா மட்டும் 2017 பெப்ரவரியில் கந்தசாமி கோவிலடியில் தொடங்கிய போராட்டப் பந்தலுக்குப் போய்வருகிறார். 2024 இல் முதன்முதலாக வாக்குப் போட்ட பிள்ளைக்கு, போர் முடிந்த 2009 மே மாதம் மூன்று, நான்கு வயதுதான் இருக்கும். "நினைவே இல்லாததுக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்?" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வார்கள். கதையை மறைக்கலாம். இரவில் நித்திரையில்லாமல் முற்றத்தில் நடக்கும் அம்மாவை எங்கே மறைப்பது?

இந்த ஆத்திரத்தை அரசியல் எப்போதும் தாமதமாகத்தான் கண்டது. 1971 இல் தெற்கில் கிளர்ச்சி. அதே ஆண்டுகளில் வடக்குப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியை இறுக்கிய தரப்படுத்தல். அது எங்கே போய் முடிந்தது என்று வன்னியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1990 இல் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று இளைஞர் அமைதியின்மைக்குக் காரணம் தேடி, வேலைகளில் அரசியல்வாதிகளின் தலையீட்டைச் சுட்டிக்காட்டியது. சிபாரிசுக் கடிதம் பற்றி என்னிடம் வரும் பெடியள் இன்றும் அதையேதான் சொல்கிறார்கள். 2022 இல் காலிமுகத்திடலில் திரண்ட கோபம் ஒரு ஜனாதிபதியையே நாட்டைவிட்டுப் போகவைத்தது. 2024 நவம்பரில் வன்னியின் 6 ஆசனங்களில் 2 தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்திக்குப் போனது. ஏன் அப்படிப் போட்டாய் என்று ஒருவனிடம் கேட்டேன். "அவையில நம்பிக்கை எண்டில்லை மிஸ். இவையில கோபம்."

எனக்குப் பயமாக இருப்பது தேர்தல் முடிந்த அடுத்த மாதம். பெற்றோல் அடித்துக் கொடுத்து மோட்டார்சைக்கிள் ஊர்வலத்துக்குக் கூட்டிப்போன அண்ணன்மார் பிறகு ஃபோன் எடுப்பதில்லை. கூட்டத்தில் கத்திய அதே குரல் வீட்டுக்குள் தங்கச்சி மேல் திரும்புகிறது. சிலருக்கு ஐஸ் போதைப் பழக்கமும் அந்த நேரத்தில்தான் ஒட்டுகிறது.

மூச்சை இழுத்துவிடச் சொல்வேன், உண்மைதான். ஆனால் தெருவிளக்கு எரியாத கோபம் மூச்சுப் பயிற்சியால் தீராது. "இது ஆருக்குக் கேட்க வேணும்?" என்றும் கேட்பேன். ஒருமுறை மூன்று பேர் தங்கள் ஊர் விளையாட்டு மைதானம் ஏன் பாதியில் நிற்கிறது என்று கொதித்துக்கொண்டு வந்தார்கள். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "காரணமே சொல்லத் தேவையில்லையோ?" என்று ஒருவன் இரண்டு தரம் கேட்டான். அதிகாரிக்கு முன்னால் காரணம் சொல்லிச் சொல்லியே வளர்ந்த பிள்ளை.

அவர்கள் விண்ணப்பம் கொடுத்த அலுவலகம் நாள் கடத்தியது. மூவரும் திரும்பி வந்தார்கள், கோபம் குறையவில்லை. ஆனால் இந்தமுறை கையில் ஃபோன் இல்லை, திகதி முத்திரை குத்திய கடிதத்தின் பிரதி இருந்தது. மேன்முறையீடு எழுதப் பேனை கேட்டார்கள்.