10.6-க்குக் கவலை வேண்டாம், 11.2-க்கு மாத்திரை வேண்டும்

ஒரே காலையில் இரண்டு கர்ப்பிணிகள் அடுத்தடுத்து வந்தார்கள். இருவருக்கும் ஆறாம் மாதம். முதலாமவர் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். "மூணாம் மாசம் ஹீமோகுளோபின் 12.4 இருந்தது டாக்டர், இப்ப 10.6. என் ரத்தமெல்லாம் எங்கே போச்சு?" என்றார். இரண்டாமவருக்கு 11.2. நிம்மதியாக இருந்தார். பேச்சோடு பேச்சாக, கொஞ்ச நாளாக ஐஸ் கட்டியை மெல்லாமல் இருக்க முடியவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

சிகிச்சை தேவைப்பட்டது இரண்டாமவருக்குத்தான்.

முதலாமவரின் ரத்தம் எங்கேயும் போகவில்லை, கூடியிருக்கிறது. கர்ப்பத்தின் ஆறேழு வாரத்திலேயே ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா அதிகரிக்கத் தொடங்கி, 32 வாரவாக்கில் பழைய அளவைவிட 40 முதல் 50 சதவீதம் வரை கூடிவிடும். சிவப்பணுக்களும் கூடும், ஆனால் அதில் பாதியளவுதான். சர்க்கரைத் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் இனிப்பு குறைகிறது, சர்க்கரை குறைவதில்லை. அப்படித்தான் இதுவும். இதனால்தான் ரத்தசோகை என்று சொல்வதற்கான எல்லையும் மாதத்துக்கு ஏற்ப மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11 கிராமுக்குக் கீழ், நடு மூன்று மாதத்தில் 10.5-க்குக் கீழ். முதலாமவர் அந்தக் கோட்டுக்கு மேலேதான் நின்றார். வழக்கமான மாத்திரையைத் தொடரச் சொல்லி அனுப்பினேன்.

ரத்தம் இப்படி நீர்ப்பது குறையல்ல, ஏற்பாடு. நீர்த்த ரத்தம் நச்சுக்கொடியின் நுண்ணிய குழாய்களில் சுலபமாக ஓடும். பிரசவத்தில் அரை லிட்டர் போனாலும் உடம்பு தாங்கிக்கொள்ளும். எட்டாம் மாதத்திலும் 13-க்கு மேலேயே நின்றால் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். நான் ரத்த அழுத்தத்தையும் குழந்தையின் வளர்ச்சியையும் இன்னொரு முறை பார்ப்பேன். கூட வேண்டிய பிளாஸ்மா கூடவில்லையோ என்ற சந்தேகம்தான்.

ரிப்போர்ட்டில் பயமுறுத்தும் வேறு சில எண்களும் உண்டு. வெள்ளையணு 14,000, 15,000 என்று இருக்கும். காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லையென்றால் அது கர்ப்பத்தின் இயல்பு. சிவப்பணுக்கள் அடியில் படியும் வேகமான இ.எஸ்.ஆர். ஏறும், அதைப் பார்க்காமலே இருக்கலாம். தட்டணுக்கள் (பிளேட்லெட்) கொஞ்சம் இறங்கும். ஒரு லட்சத்துக்கு மேல் இருந்து, ரத்த அழுத்தமும் சரியாக இருந்தால் பெரும்பாலும் கவனித்துக்கொண்டிருந்தாலே போதும்.

சரி, இரும்புக்கு வருவோம். ஒரு முழுக் கர்ப்பத்துக்கு ஏறக்குறைய 1,000 மி.கி. இரும்பு வேண்டும். குழந்தைக்கும் நச்சுக்கொடிக்கும் 300, தாயின் சிவப்பணுக்கள் பெருக 500, மீதி உடம்பின் அன்றாட இழப்புக்கு. முதல் மாதங்களில் நாளுக்கு ஒரு மி.கி.கூடத் தேவைப்படாது; கடைசி மாதங்களில் அதுவே ஆறு, ஏழு மி.கி. ஆகிவிடும். குடல் தன்னால் ஆனவரை அதிகமாக உறிஞ்சப் பார்க்கும். ஆனாலும் சேமிப்பு இல்லாமல் கர்ப்பத்துக்குள் வரும் பெண்ணுக்கு, அதுவும் மாதவிலக்கில் அதிகம் போகிறவருக்கும் அடுத்தடுத்துக் கருத்தரிப்பவருக்கும், இந்தக் கணக்கு சாப்பாட்டால் மட்டும் நேராகாது.

கையிருப்பு கரைந்து வெகுநாள் கழித்துத்தான் ஹீமோகுளோபின் இறங்கும். கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். 30-க்குக் கீழே போனாலே இரும்பு போதவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டாமவருக்கு 9. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். சிவப்பணுக்கள் மிகச் சிறியதாக இருந்தும் ஃபெரிட்டின் சரியாக இருந்தால், பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவின் மரபு இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் கணவருக்கும் பரிசோதனை அவசியம்.

அறிகுறிகளை நம்பிக் காத்திருக்க முடியாது. களைப்பு, மூச்சு வாங்குதல், படபடப்பு எல்லாம் கர்ப்பத்திலும் வரும், ரத்தசோகையிலும் வரும். ஆனால் ஐஸ், மண், சாக்பீஸ் என்று எதையாவது மெல்லும் ஆசை, படுத்தால் கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவது என்று யாராவது சொன்னால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். சொல்ல வெட்கப்படுவார்கள். அதனால் நானே கேட்டுவிடுகிறேன்.

மாத்திரை எழுதுவது சுலபம். அது வயிற்றுக்குள் போய் ரத்தத்தில் சேர்வதுதான் பெரும்பாடு. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்து பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. அது இரும்பின் நிறம், பயம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது நாங்கள்தான். மறக்காமல் இருக்கட்டும் என்று கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வாயில் போட்டு முழுங்குகிறவர்கள் இன்னும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் இரும்பு சரியாக ஏறாது. ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள். டீ, காபிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வைட்டமின் சி உள்ள பழரசத்தோடு போட்டால் நன்றாக ஏறும். வெறும் வயிற்றில் சாப்பிடுவதுதான் நல்லது. ஆனால் குமட்டல் தாங்காமல் மாத்திரையையே விட்டுவிடுவதற்கு, சாப்பிட்ட பிறகு போடுவது எவ்வளவோ மேல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் சிலருக்கு நன்றாகவே ஏறுகிறது. நேற்றைய மாத்திரை, இன்றைய உறிஞ்சலைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை உயர்த்திவிடுவதுதான் காரணம். உங்கள் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக அல்ல. அப்புறம், அட்டையில் 200 மி.கி. என்றிருந்தால் அவ்வளவும் இரும்பு என்று நினைக்க வேண்டாம், 200 மி.கி. உலர் ஃபெரஸ் சல்ஃபேட்டில் இருக்கும் இரும்பு 65 மி.கி.தான். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அட்டையைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். பெரியவர்களின் இரும்பு மாத்திரை குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து.

மூன்று, நான்கு வாரத்தில் எண் ஏறவில்லையென்றால் முதலில் கேட்பது, உண்மையாகவே மாத்திரை போட்டீர்களா என்று. திட்டமாட்டேன் என்று தெரிந்தால் உண்மை வரும். போட்டும் ஏறவில்லையென்றால் பி12, ஃபோலிக் அமிலக் குறைபாடு, குடற்புழு, மூலத்தில் ரத்தக் கசிவு என்று தேட வேண்டும். நாலாம் மாதத்துக்குப் பிறகு நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். 7-க்குக் கீழே என்றால் அது கடுமையான ரத்தசோகை. பிரசவமும் நெருங்கிவிட்டால் ரத்தமே ஏற்ற வேண்டி வரலாம். கவனிக்காமல் விட்ட ரத்தசோகையில் குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்பு கூடுகிறது. பிரசவத்தில் சாதாரண அளவில் போகும் ரத்தம்கூட அந்தத் தாய்க்குத் தாங்காது.

இரண்டாமவர் மூன்று வாரம் கழித்து வந்தார். எண் 11.5, பெரிய மாற்றமில்லை. "ஆனா ஐஸ் ஞாபகமே வரலை டாக்டர்" என்றார். எண்ணுக்கு முன்னால் ஆசை அடங்குவது பலரிடம் பார்த்ததுதான். பிரசவம் நல்லபடியாக முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளை மேசைமேல் வைத்தார். இன்னும் மூன்று மாதம் சாப்பிட வேண்டியிருக்கிறது என்று அவற்றை அவர் பையிலேயே திரும்பப் போட்டேன்.