டெக்ஸ்டைல் டிசைன் படிக்க அனுப்பும் முன்

இந்த வருடமும் ஒரு பிள்ளை, முதல் தவணை முடிவதற்குள் என்னிடம் வந்து அழுதாள். "மிஸ், நான் உடுப்பு டிசைன் பண்ணத்தான் வந்தனான். இங்க நாள் முழுக்க நூல் கோர்க்கச் சொல்றாங்க." அவளைச் சொல்லிக் குற்றமில்லை. "உனக்குத் தையல் நல்லா வரும், வடிவாக் கீறுவாய், இதையே படி" என்று வெள்ளவத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

எத்தனை தரம் சொன்னாலும் தீராத பிழை இது. டெக்ஸ்டைல் டிசைன் தையல் இல்லை. ஆடை வடிவமைப்பும் இல்லை. ஆடை வடிவமைப்பாளர் துணியைக் கையில் எடுக்கும் முன்பே அந்தத் துணி எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் எங்கள் வேலை. எந்த நூல், என்ன பருமன், பாவில் (நீளவாட்டில் ஓடும் நூல்) அங்குலத்துக்கு எத்தனை இழை, ஊடை (குறுக்கே ஓடும் நூல்) என்ன நிறம், நெய்வதா பின்னுவதா, சாயம் போடுவதா அச்சிடுவதா. திரைச்சீலை, படுக்கை விரிப்பு, பஸ் சீட்டுத் துணி எல்லாம் இதற்குள் வரும். தையல் மெஷினில் உங்கள் மகள் கெட்டிக்காரி என்றால் சந்தோஷம். ஆனால் அது இந்தப் படிப்புக்கான தகுதி இல்லை.

சரி, கீறத் தெரிந்தால் போதுமா? ஒரு மாணவி அழகான அரளிப்பூக் கோலம் ஒன்று கொண்டுவந்தாள். 25 செ.மீ.க்கு ஒரு முறை திரும்ப வரும்படி கீறியிருந்தாள். தொழிற்சாலையில் வழக்கமான உருளை அச்சின் சுற்றளவு 64 செ.மீ. 32 அல்லது 16 என்றால் மீதியில்லாமல் பொருந்தும். 25 என்றால் ஒவ்வொரு சுற்றிலும் பூ பாதியில் வெட்டுப்படும். முழுவதையும் திரும்பக் கீறினாள். டிஜிட்டல் அச்சில் இந்தத் தொல்லை இல்லைதான், ஆனால் எல்லா ஓடரும் டிஜிட்டலுக்குப் போவதில்லை.

தறியும் அப்படித்தான். 18 அங்குல அகலம், அங்குலத்துக்கு 40 இழை என்றால் 720 இழை. ஒவ்வொன்றையும் விழுதில் (இழையைத் தூக்கி இறக்கும் கண்ணி) கோர்த்து, பிறகு தறியின் சீப்புப் போன்ற அச்சுப் பல்லில் இழுக்க வேண்டும். நடுவில் ஒன்று மாறினால் துணியின் நீளம் முழுக்கக் கோடு விழும். அவிழ்த்துத் திரும்பக் கோர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சாயக்கூடத்துக்குக் கொப்பி இல்லாமல் வராதீர்கள். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம், பொலியெஸ்டருக்கு டிஸ்பர்ஸ். 50 கிராம் துணிக்கு 2 வீதம் என்றால் 1 கிராம் சாயம். "ஞாபகம் இருக்கு மிஸ்" என்றவர்களில் எவருக்கும் அடுத்த கிழமை அதே நிறம் வந்ததில்லை. டியூப் லைட்டில் பொருந்திய நிறத்தைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோயும் பாருங்கள்.

உள்ளே நுழையும் வழியையும் சொல்லிவிடுகிறேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஃபெஷன் டிசைன் பட்டம் (பெயர் அப்படி இருந்தாலும் துணி வடிவமைப்பும் அதற்குள் வரும்) நான்கு வருடம். உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். திகதி போன பிறகு எனக்குப் போன் எடுக்காதீர்கள், தயவுசெய்து பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை முன்கூட்டியே வாசியுங்கள். அதே வளாகத்தில் உள்ள புடவைப் (டெக்ஸ்டைல்) பொறியியல் வேறு, அது கணிதப் பிரிவு பிள்ளைகளுக்கு.

பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தொழிற்சாலைக்குள் கால் வைத்தால் சிங்களம் வேண்டும். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைகள் திறமையில் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் எல்லோர் முன்னாலும் ஆசிரியர் அவர்கள் செய்த வேலையைப் பிரித்து மேய்கிறபோது பதில் சொல்ல முடியாமல் வாயடைத்துப் போகிறார்கள். பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருக்கும் மாதங்களில் இரண்டு மொழியையும் பேசிப் பழகட்டும்.

அம்மா, அப்பாமாரே, விண்ணப்பம் நிரப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். புறக்கோட்டை துணிக்கடைகளுக்குக் கூட்டிப்போவது போதாது. கிழக்குப் பக்கம் போனால் மருதமுனையில் கைத்தறிக்காரர் ஒருவரிடம் கேட்டு, பிள்ளையை ஒரு நாள் தறிக்குப் பக்கத்தில் இருக்க விடுங்கள். பின்னேரம் வரை அலுக்காமல் இருந்தாளென்றால் அனுப்புங்கள். மத்தியானமே போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினால், ஆடை வடிவமைப்போ தையலோ படிக்கட்டும். அவையும் நல்ல தொழில்கள்தான்.