திராட்சைத் தோட்டத்திற்கு அங்ககச் சான்றும் சொட்டுநீர் மானியமும்

கம்பம் பள்ளத்தாக்கைப் போலச் செட்டிநாட்டில் திராட்சைப் பந்தல்கள் பரவலாக இல்லை. ஆயினும், ஒயினுக்கான திராட்சையை இரசாயனமின்றி, அங்கக முறையில் வளர்க்க விரும்பும் காரைக்குடி, தேவகோட்டை வட்டார விவசாயிகள், நாற்று வாங்குவதற்கு முன்பே தமிழ்நாடு அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது நல்லது. தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் விதிப்படி, திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு, முதல் அங்கக அறுவடைக்கு முந்தைய 36 மாதங்கள், இரசாயனத்தை விட்டு அங்கக முறைக்கு மாறும் மாறுதல் காலமாகும். அதுவரை பறிக்கும் பழத்தை அங்ககப் பழம் என்று விற்க இயலாது.

நம் பகுதிக்குச் சாதகமான விதி ஒன்றும் இதில் உண்டு. பல ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கும் சரளை நிலத்தில் உரமோ பூச்சிமருந்தோ இடப்படவில்லை என்பதற்கு ஆதாரம் காட்டினால், சான்றளிக்கும் அமைப்பு நிலத்தின் முந்தைய நிலையை ஆராய்ந்து மாறுதல் காலத்தைக் குறைக்கலாம். கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் ‘தரிசு’ என்று பதிவாகியிருப்பது இதற்கு உதவும். அதனுடன் சிட்டா, தோட்ட வரைபடம், மண் மற்றும் நீர்ப் பரிசோதனை அறிக்கை, ஆண்டுப் பயிர்த் திட்டம் ஆகியவற்றையும் அணியமாக வைத்திருக்க வேண்டும். பங்காளிகள் ஊருக்கொருவராக இருக்கும் கூட்டுப் பட்டா நிலமாயின், அவர்களுடைய ஒப்புதலை முதலில் பெறுவது நல்லது. கவாத்து செய்வதைவிட அதற்கே அதிகக் காலம் பிடிக்கக்கூடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பரவும் அடிச்சாம்பல் நோய்க்குச் செம்பு சேர்ந்த போர்டோ கலவையும், சாம்பல் நோய்க்குக் கந்தகமும் அங்கக முறையில் கட்டுப்பாட்டுடன் அனுமதிக்கப்படுகின்றன. செம்பு மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால், தெளித்த நாளையும் அளவையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

நீருக்கு, ‘ஒரு துளி நீரில் அதிகப் பயிர்’ திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க 100 விழுக்காடும், பிறருக்கு 75 விழுக்காடும் மானியம் வழங்கப்படுகிறது. முழு மானியம் கோருவோர் வட்டாட்சியர் வழங்கும் சிறு, குறு விவசாயி சான்றை இணைக்க வேண்டும். திராட்சைக்குத் தோட்டக்கலைத் துறையை அணுகலாம்.

பழத்திற்குக் கிடைத்த சான்று ஒயினுக்குத் தானாகப் பொருந்தாது. அதைத் தயாரிக்கும் ஆலையும் அங்ககப் பதப்படுத்தலுக்கெனத் தனிச் சான்று பெற்றிருக்க வேண்டும். ஒயின் தயாரிக்க அரசின் உரிமம் கட்டாயம் என்பதால், வீட்டில் பிழிந்து விற்கும் எண்ணத்தைத் தவிர்த்து, உரிமம் பெற்ற ஆலையுடன் நடவுக்கு முன்பே எழுத்துவழி ஒப்பந்தம் செய்துகொள்வதே உகந்தது.