ஓடுகிற பின்பாலைத் திறந்து பார்த்தால்

சாய்ந்த மேசையில் உலோகப் பந்தை அடித்து ஆடும் பழைய பின்பால் இயந்திரத்தை விற்கிறவர் பெரும்பாலும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்: "நல்லா ஓடுது சார், வேணும்னா ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க." பொய் இல்லை, ஓடும்தான். பழுது பார்க்க என்னிடம் வரும் இயந்திரங்களில் பல, முந்தைய நாள்வரை ஓடிக்கொண்டிருந்தவைதான். எதை வைத்து ஓட்டியிருக்கிறார்கள் என்பது கண்ணாடியைக் கழற்றி, ஆடுதளத்தைத் தூக்கி நிறுத்தினால்தான் தெரியும்.

இந்த இயந்திரங்களுக்குள் இவ்வளவு ஒப்பேற்று வேலை இருப்பதற்குக் காரணம் உண்டு. இவை வீட்டில் அழகுக்கு வைக்கச் செய்தவை அல்ல, காசு சம்பாதிக்கச் செய்தவை. வெள்ளிக்கிழமை இரவு மதுக்கூடத்தில் ஒரு இயந்திரம் நின்றுவிட்டால் அந்த வார வருமானம் போச்சு. வந்த டெக்னீஷியன் பையில் என்ன இருந்ததோ அதை வைத்து ஓட்டிவிட்டுப் போவார். திங்கட்கிழமை வந்து ஒழுங்காகச் செய்யலாம் என்று நினைத்திருப்பார். அந்தத் திங்கட்கிழமை வராமலே முப்பது வருடம் போயிருக்கும். 1996-இல் பின்பால் தயாரித்த காட்லீப் கம்பெனி கடையை மூடியது. 1999-இல் வில்லியம்ஸும் பின்பால் தயாரிப்பை நிறுத்தியது. உதிரிபாகம் தட்டுப்பாடான அந்தக் காலத்தில் ஒட்டுவேலை இன்னும் பெருகியது. இன்று நிலைமை வேறு. பிரபலமான இயந்திரங்களுக்குக் காயில் என்கிற மின்காந்தச் சுருளிலிருந்து முழு எலக்ட்ரானிக் போர்டுவரை புதிதாகவே கிடைக்கிறது. "பார்ட்ஸ் கிடைக்கல" என்று யாராவது சொன்னால் நான் அவ்வளவு சீக்கிரம் நம்புவதில்லை.

வாங்குகிறவர்கள் எல்லோரும் அசிங்கமான வேலையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். கோணல்மாணலான சால்டரிங், நிறம் பொருந்தாத ஸ்க்ரூ, ஒட்டிய பிளாஸ்டிக் எல்லாம் கண்ணை உறுத்தும், ஆனால் யாரையும் ஒன்றும் செய்யாது. நான் பயப்படுவது இன்னொரு வகைக்கு: இயந்திரத்தை ஓட வைப்பதற்காக அதன் பாதுகாப்பைக் கழற்றிவிட்ட வேலை. அது பார்க்க எப்போதும் அசிங்கமாக இருக்காது. சில சமயம் மிகவும் நேர்த்தியாகவே இருக்கும்.

அதில் முதலிடம் ஃபியூஸுக்கு. ஃபியூஸைச் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளில் சுற்றிச் செருகுவது எல்லோரும் கேள்விப்பட்ட கதைதான். நான் அதைவிட அடிக்கடி பார்ப்பது வேறு. பக்கத்தில் 3 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும் பிடியில் 10 ஆம்பியர் ஃபியூஸ், பளபளவென்று, புத்தம்புதிதாக உட்கார்ந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உலோக மூடியில் பொறித்த எழுத்தை டார்ச் அடித்துப் படித்தால்தான் தெரியும். கண்ணாடிக் குழாய்க்குள் பார்த்தால் மெல்லிய இழை இருக்க வேண்டிய இடத்தில் நல்ல தடிமனான கம்பி நிற்கும். இன்னும் சிலர் எரிந்துபோன ஃபியூஸின் முதுகில் ஒரு செப்பு இழையைச் சால்டர் வைத்து அப்படியே திருப்பி மாட்டியிருப்பார்கள். இழை பிடிக்குள் அடிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். வெளியே எடுக்காமல் பார்க்கவே முடியாது.

இதனால் என்ன ஆகும் என்று கேட்டால் ஒரு கணக்கு சொல்கிறேன். பந்தை உதைக்கும் சாதாரணக் காயில் ஒன்றின் தடை சுமார் 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1990-களின் இயந்திரங்களில் அதற்குப் போவது 50 வோல்ட் அளவு. 5 ஆம்பியர் ஓடும், அதாவது 250 வாட். என் மேசையில் இருக்கும் சால்டரிங் இரும்பு 60 வாட். அது போல நான்கு இரும்பை ஒரு விரற்கடை காயிலுக்குள் செருகிய சூடு அது. காயில் தாங்குவதற்குக் காரணம், மின்சாரம் ஒரு நொடியில் சிறு பங்குதான் பாய்கிறது. அதை ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால் காயில் இழுத்தபடியே நிற்கும். 3 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் சின்னச் சின்ன அதிர்வுகளைப் பொறுத்துக்கொள்ளும், 5 ஆம்பியர் விடாமல் ஓடினால் சற்று நேரத்தில் எரிந்து சுற்றைத் துண்டிக்கும். 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு அந்த 5 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல, எரியவே எரியாது. எரிவது காயில்தான். முதலில் வாசனை வரும், அப்புறம் புகை. உள்ளே இருக்கும் நைலான் குழாய் உருகிக் கம்பி அதோடு ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் இருப்பது மரப்பெட்டி என்பதை மறந்துவிட வேண்டாம்.

"அடிக்கடி ஃபியூஸ் போகுது, அதான் பெருசாப் போட்டேன்" என்று சொல்பவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. ஃபியூஸ் அடிக்கடி போனால் அது எதையோ சொல்கிறது. அதன் வாயை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருக்கிறார்.

டிரான்சிஸ்டர் ஏன் ஷார்ட் ஆகிறது என்பதற்கும் பல நேரம் பழைய கைவேலைதான் காரணம். காயிலில் மின்சாரத்தை நிறுத்தும்போது அதன் காந்தப்புலம் சரிந்து தலைகீழாக ஒரு பெரிய மின்னழுத்தம் கிளம்பும். அதை வாங்கிக்கொள்ள, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு சின்ன டையோடு இருக்கும். பழைய பேலி, வில்லியம்ஸ் இயந்திரங்களில் அது காயிலின் காதுகளிலேயே பற்றவைத்திருக்கும். காயில் அதிர அதிர அதன் கால் முறியும். முறிந்த டையோடைப் பிய்த்துப் போட்டுவிட்டு டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே போகும். கோடு போட்ட முனை பாசிட்டிவ் ஒயர் பக்கம் இருக்க வேண்டும். காயிலைத் திருப்பி மாட்டி அதையும் தலைகீழாக்கியவர்கள் உண்டு.

பட்டனை அழுத்தினால் பந்தைத் திருப்பி அடிக்கும் கையான ஃபிளிப்பருக்கு வருவோம். பழைய இயந்திரம் வாங்கியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது "ஃபிளிப்பர் வீக்கா இருக்கு" என்று சொல்லியிருப்பார்கள். ஃபிளிப்பர் காயிலுக்குள் இரண்டு சுற்று உண்டு. ஒன்று 4 ஓம் அளவு, அடிப்பதற்கு. இன்னொன்று 100 ஓமுக்கு மேல், பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மேலேயே நிறுத்துவதற்கு. ஃபிளிப்பர் உச்சிக்கு வந்ததும் ஒரு சின்னத் தகட்டு சுவிட்ச் திறந்து வலுவான சுற்றை வெட்டிவிடும். எங்கள் பேச்சில் அது இ.ஓ.எஸ். (எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக்) சுவிட்ச். 1992-இலிருந்து வில்லியம்ஸ் இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தது. அதற்கு முந்தையவற்றில் அந்தத் தகடுதான் காவல். முனைகள் கருகித் தொடுப்பு கெட்டால் ஃபிளிப்பர் வலுவிழக்கும். செய்ய வேண்டியது முனையை அரம் வைத்துத் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்வது. ஒப்பேற்றுகிறவர் தகட்டை இறுக்கி வளைத்துத் திறக்கவே முடியாதபடி செய்துவிடுவார். ஃபிளிப்பர் உடனே பாய்ந்து அடிக்கும், விற்பவருக்குச் சந்தோஷம், வாங்குபவருக்கும் சந்தோஷம். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பந்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் 4 ஓம் சுற்றில் முழு மின்சாரமும் ஓடும்.

வலுவான காயிலை வாங்கி மாட்டுவது இதன் இன்னொரு வடிவம். உண்மையான காரணம் தேய்ந்த குழாய், காயிலுக்குள் ஓடும் நசுங்கிய இரும்பு உலக்கை, ஆடும் இணைப்பு, கருகிய கனெக்டர் இப்படி ஏதோ ஒன்றாக இருக்கும். அவற்றை விட்டுவிட்டு வேகத்தை ஏற்றினால் பந்து போய் மோதும் இடமெல்லாம் உடையும். காயிலுக்குள் ஸ்ப்ரே எண்ணெய் அடிப்பவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நைலான் குழாய்க்கு எண்ணெயே தேவையில்லை. அடித்த எண்ணெய் தூசியோடு சேர்ந்து கரும்பசையாகும், பக்கத்தில் பொறி பறக்கும் சுவிட்ச் இருந்தால் தீப்பிடிக்கவும் வழி உண்டு.

விளக்குக் கனெக்டர்கள் அடுத்தது. பொது வெளிச்சத்துக்கான பல்புகள் 6.3 வோல்ட்டில் எரிபவை. 44-ஆம் எண் பல்பு ஒன்று 0.25 ஆம்பியர் இழுக்கும். ஐம்பது பல்பு என்றால் 12.5 ஆம்பியர், அவ்வளவும் சில மெல்லிய பின்கள் வழியாகவே. பின் தளர்ந்து சூடேறும், பிளாஸ்டிக் பழுப்பாகிக் கருகும். இந்த இடத்தில் ஒட்டுவேலை என்பது கனெக்டரையே வெட்டி எறிந்துவிட்டு ஒயர்களை நேராகப் போர்டில் சால்டர் வைப்பது. விளக்கு பளிச்சென்று எரியும். அடுத்து யாராவது அந்த போர்டைக் கழற்ற வேண்டும் என்றால் ஒயரை வெட்டித்தான் கழற்ற வேண்டும். அதைத் திருப்பிச் சேர்க்கும்போது எது எங்கே என்று குழப்பம் வரும். போர்டில் இருக்கும் பின், ஒயரில் இருக்கும் முனை இரண்டையும் புதிதாக மாற்றுவதே சரி. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் எரிக்கும். கூடவே 0.15 ஆம்பியர் இழுக்கும் 47-ஆம் எண் பல்பையோ எல்இடியையோ போட்டுவிட்டால் சுமையும் இறங்கும்.

ஸ்கோரையும் அமைப்புகளையும் நினைவில் வைக்க போர்டில் இருக்கும் பேட்டரியின் கசிவு எல்லோருக்கும் தெரிந்த வில்லன், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கசிந்த இடத்தைத் துணியால் துடைத்து, துருப்பிடித்த அதே பிடியில் புது பேட்டரி போட்டு விற்பதுதான் இங்கே நடக்கும் ஏமாற்று. காரம் போர்டின் செப்புத் தடங்களுக்கு அடியில் ஊர்ந்துகொண்டே இருக்கும். பேட்டரியைச் சுற்றிப் பச்சை, சாம்பல், கறுப்பு எது தெரிந்தாலும், அல்லது அந்த மூலையில் மட்டும் புதிதாகப் பெயின்ட் தெரிந்தாலும் கேள்வி கேளுங்கள். வினிகரால் காரத்தை முறித்து, தண்ணீரிலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலும் கழுவி, கெட்ட பகுதியைச் செப்பு தெரியும்வரை சுரண்டிய பிறகுதான் அது பழுதுபார்த்த போர்டு. பேட்டரியை போர்டிலிருந்து தள்ளி வெளியே மாட்டிவிடுவது இன்னும் நல்லது.

ஆளையே கொல்லக்கூடியது மெயின் ஒயர். பிளக்கில் எர்த் பின்னை வெட்டியிருப்பார்கள், சுவரில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்திருக்கும். ஆடுபவரின் உள்ளங்கை படும் முன்பட்டை, பக்கத் தண்டவாளம், காசுக் கதவு, கால்கள் எல்லாமே உலோகம். உள்ளே ஒரு ஒயர் உரசினால் அவ்வளவுக்கும் மின்சாரம் வரும். அமெரிக்காவில் செய்த இயந்திரங்களில் கறுப்பு லைவ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். பழுப்பு-நீல ஒயர் பழகிய எலக்ட்ரீஷியன் புது ஒயர் மாட்டும்போது கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிவிடுவது சகஜம். அப்புறம் ஃபியூஸ் எரிந்தாலும் உள்ளே லைவ் அப்படியே நிற்கும்.

115 வோல்ட்டுக்கு வந்த இயந்திரத்தை 230-க்கு மாற்றியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பை மாற்றுவது மட்டும் போதாது. மின்னழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டம் பாதியாகும், மெயின் ஃபியூஸும் ஏறக்குறைய பாதிக்கு இறங்க வேண்டும். மின் வரவில், மிகை மின்னழுத்தத்தை வாங்கிக்கொள்ள, நாணயம் போல ஒரு வேரிஸ்டர் இருக்கும். 115-க்கான வேரிஸ்டரை 230-இல் விட்டால் பட்டென்று வெடிக்கும். வெடித்ததைப் பிய்த்துப் போட்டுவிட்டு அப்படியே ஓட்டுவார்கள். அந்த இடத்தில் இரண்டு மொட்டைக் கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் கதை புரிந்துவிடும்.

ஆடுதளத்து மார்க்கர் பேனா வேலை, அழுக்கின் மேலேயே பூசிய வார்னிஷ் எல்லாம் விலையைக் குறைக்கப் பேசலாம், அவ்வளவுதான். தேய்ந்த ஸ்க்ரூ ஓட்டையில் பசை தடவிய பல்குச்சியைச் செருகியிருந்தால் நான் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவேன். அது நல்ல வேலை. அறுந்த செப்புத் தடத்துக்குப் பதிலாக அளவான ஒயரைப் படிய வைத்துச் சால்டர் செய்திருந்தால் அதுவும் நல்ல வேலைதான். பின்பெட்டிக்குள் பழைய டெக்னீஷியன் எந்தப் பாகத்தை எப்போது மாற்றினார் என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தால் அந்த இயந்திரத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

வாங்கப் போகும்போது டார்ச்சும் மல்டிமீட்டரும் போதும். நீங்கள் வரும்வரை ஆன் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள், குளிர்ந்த நிலையில் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். அரைமணி நேரமாவது ஆடுங்கள், சூடேறினால்தான் வரும் கோளாறுகள் உண்டு. இரண்டு ஃபிளிப்பரையும் சேர்த்து அழுத்தும்போது இயந்திரம் தானாக ரீசெட் ஆனால் 5 வோல்ட் விநியோகம் தடுமாறுகிறது என்று அர்த்தம். 1990-களின் வில்லியம்ஸ், பேலி இயந்திரங்களில் இன்னும் எத்தனை ஆட்டம் ஆடலாம் என்று காட்டும் கிரெடிட் எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி தெரிந்தால் ஏதோ ஒரு பழுதை அது தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. விற்பதற்குச் சற்றுமுன் எல்லாவற்றையும் ரீசெட் செய்து அந்தப் புள்ளியை மறைப்பவர்கள் உண்டு. ஆகவே அதை மட்டும் நம்பாமல் டெஸ்ட் மெனுவுக்குள் போய் ஒவ்வொரு சுவிட்சையும் கையால் தட்டிப் பாருங்கள். ஆடுதளத்தைத் தூக்கும்போது ஒயர் நிறங்களைக் கவனியுங்கள். கம்பெனி ஒயர்களில் பெரும்பாலும் ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறக் கோடு ஓடும். கோடில்லாத ஒற்றை நிறத் தடித்த ஒயர் எங்கே தெரிகிறதோ அங்கே யாராவது கை வைத்திருக்கலாம். அதன் இரு முனையும் எங்கே போகிறது என்று பின்தொடருங்கள்.

ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எர்த் பின்னுக்கும் காசுக் கதவுக்கும் இடையே மீட்டரை ஓம் அளவில் வையுங்கள், பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். அடுத்து எல்லா ஃபியூஸையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பிடிக்குப் பக்கத்தில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் அழிந்திருந்தால் அந்த இயந்திரத்தின் கையேட்டில் இருக்கும். பேட்டரியையும் அப்போதே எடுத்துவிடுங்கள். எரியாத பல்பு, சோர்ந்த ஃபிளிப்பர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.