யூக்கா இரவில் என்ன செய்கிறது?

"படுக்கையறையில் வைத்தால் ராத்திரி முழுக்க ஆக்சிஜன் தரும் என்று சொல்லி நர்சரியில் யூக்கா கொடுத்தார்கள். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வந்தேன். இரண்டே மாதத்தில் அடித்தண்டு கொழகொழவென்று ஆகிவிட்டதே, ஏன்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அவர் அனுப்பிய படத்தில் இருப்பது யூக்கா அலோயிஃபோலியா. நர்சரிகளில் பாலைவனச் செடி என்றே விற்கிறார்கள். இதன் உறவுக்காரச் செடிகள் பல பாலைவனத்தில் வளர்பவைதான். இதன் சொந்த இடம், அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோர மணல்மேடுகளும் மெக்சிகோவும். மழை பெய்த வேகத்தில் நீர் வடிந்துவிடும் மண் அது. தொட்டியில் தினமும் தண்ணீர் தேங்கினால் மண்துகள்களுக்கு இடையே காற்று இருக்காது. வேர் மூச்சுத் திணறும், பூஞ்சை புகும், அழுகும். தண்ணீர்க் கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த ராத்திரி ஆக்சிஜன் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அந்தப் பொய்க்கு அடியில் ஓர் அழகான உண்மை இருக்கிறது.

ஒளிச்சேர்க்கைக்குக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அதற்கு இலைத்துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போய்விடும். மாமரமும் நெல்லும் இந்த நட்டத்தைப் பொறுத்துக்கொண்டு பகலில் திறக்கின்றன. இந்த யூக்கா, வெயில் தாழ்ந்து காற்றில் ஈரம் ஏறிய பிறகு, இரவில்தான் திறக்கிறது. இரவில் வெளிச்சம் இல்லை, சர்க்கரை செய்ய முடியாது. அப்படியென்றால் வாங்கிய கார்பன் டை ஆக்சைடை விடியும்வரை எங்கே வைப்பது?

புளிப்பாக மாற்றி வைக்கிறது! ஒரு நொதி அந்தக் கார்பனைப் பிடித்துக் கொடுக்க, அது மாலிக் அமிலமாகிறது. ஆப்பிளின் புளிப்பும் இதே அமிலம்தான். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் இருக்கும் பெரிய நீர்ப்பையில் இரவு முழுக்க இது சேர்ந்துகொண்டே போகும். விடிந்ததும் துளைகள் மூடிக்கொள்ளும். அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து உடைந்து, கார்பன் டை ஆக்சைடு இலைக்குள்ளேயே மீண்டும் பிறக்கும். கதவைச் சாத்திக்கொண்டு வெயிலை மட்டும் வைத்துச் சமையல் நடக்கிறது. ஒரு கிராம் கார்பன் டை ஆக்சைடு பிடிக்க நெல் போன்ற பயிர் 400 முதல் 500 கிராம் நீரை இழக்கும். இந்த வகைச் செடிகளுக்கு 50 முதல் 100 கிராம் போதும்.

பதினோராம் வகுப்புத் தாவரவியலில் இதை ஒரு படமாக வரைந்து மதிப்பெண் வாங்கியிருப்போம். இதன் முதல் தடயங்களில் ஒன்று நம் பக்கத்தில் கிடைத்தது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், இதே இரவு வழியைப் பின்பற்றும் ரணகள்ளிச் செடியின் இலையை மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலில் சுவையே இல்லை, சாயங்காலம் லேசாகக் கசந்தது. அதை அவர் லண்டனுக்குக் கடிதமாக எழுத, 1815-ல் லின்னேயன் சங்க இதழில் அச்சானது. நாம் இலையை மென்று பார்க்க வேண்டாம், அமிலம் பட்டால் சிவக்கும் நீல லிட்மஸ் தாள் போதும். விடிகாலையில் கசக்கிய ரணகள்ளி இலைச்சாற்றில் நான் தோய்த்த தாள் பளிச்சென்று சிவந்தது. அதே செடியில் மாலை பறித்த இலைக்கு லேசாக மங்கியதோடு சரி. எந்தப் பள்ளிக்கூடத்திலும் செய்யலாம்.

ஆக்சிஜன் விஷயத்துக்கு வருவோம். அது நீர் மூலக்கூறு பிளக்கும்போது வருவது. பிளப்பதற்கு ஒளி வேண்டும். யூக்கா இரவில் வாங்குவது கார்பன் டை ஆக்சைடை. 'இரவில் கார்பன் டை ஆக்சைடு எடுக்கும்' என்பது வாட்ஸ்அப்பில் கைமாறி 'இரவில் ஆக்சிஜன் கொடுக்கும்' என்று ஆகிவிட்டது. சும்மா படுத்திருக்கும் மனிதருக்கே ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். ஒரு தொட்டிச் செடி பகலில்கூட அதற்கு ஈடுகொடுக்காது. படித்தவர்களே இதைச் சொல்லி விற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இதே யூக்கா அலோயிஃபோலியாவும், பகலில் துளை திறக்கும் யூக்கா ஃபிலமென்டோசாவும் இயற்கையாகக் கலந்து உண்டான யூக்கா குளோரியோசா என்றொரு செடி உண்டு. அது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இரண்டு வழியையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருக்கிறது. பகல் செடி எப்படி இரவுச் செடி ஆகிறது என்பதை மரபணு மரபணுவாக அதில் தேடுகிறார்கள். தண்ணீர் குறைந்துவரும் காலத்தில், 'இதனால் என்ன பயன்' என்று கேட்காமல் பணம் ஒதுக்க வேண்டிய ஆராய்ச்சி இது. இங்கேயும் ஒதுக்க வேண்டும்.

சகோதரிக்கு: திரை போட்ட படுக்கையறையில் அந்தச் செடி பட்டினி கிடந்திருக்கிறது. இரவில் புளிப்பைச் சேர்த்தாலும் பகலில் அதைச் சர்க்கரையாக்க வெயில் இல்லை. வெயில் படாத தொட்டியில் மண்ணும் காயவில்லை. கொழகொழப்புக்கு மேலே, உள்சதை வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் இடம் வரை தண்டை நறுக்குங்கள். வெட்டுவாய் காயும்வரை நாலைந்து நாள் நிழலில் கிடக்கட்டும். பிறகு அடியில் ஓட்டை உள்ள தொட்டியில், பருமணல் பாதி கலந்த மண்ணில் நடுங்கள். வேர் பிடிக்கும்வரை வெளிச்சமான நிழல், அதன்பின் மெல்ல மெல்ல வெயில். இரண்டு விரற்கடை ஆழம் விரலை விட்டுப் பார்த்து, முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இலைநுனி ஊசிபோல் குத்தும். குழந்தைகளின் கண் உயரத்தில் வைக்காதீர்கள்.