பெரியப்பா ஒதுக்கும் மஞ்சள் கரு

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா சாப்பிட வந்தால் அம்மா அவித்த முட்டையைப் பாதியாக நறுக்கித்தான் வைப்பார். பெரியப்பா மஞ்சள் கருவைக் கட்டைவிரலால் அலுங்காமல் தோண்டி என் தட்டில் போட்டுவிட்டு, வெள்ளைக்கருவை மட்டும் மிளகுத்தூள் தொட்டுச் சாப்பிடுவார். "எனக்குக் கொலஸ்ட்ரால்டா" என்பார். அடுத்த நிமிடம் அதே கை ஆட்டுக்கறிக் குழம்பில் கொழுப்புத் துண்டாகப் பார்த்துத் தேடும்.

அவருடைய பயம் ஆதாரமில்லாதது அல்ல. 50 கிராம் முட்டை ஒன்றில் சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. அத்தனையும் மஞ்சள் கருவில்தான். 1968-ல் அமெரிக்க இதயச் சங்கம், ஒருவர் நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் சாப்பிடக் கூடாது, வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றது. பெரியப்பா தலைமுறை டாக்டர்கள் படித்த பாடம் அது.

அந்தப் பாடத்தின் தொடக்கம் முயல்களில் இருக்கிறது. 1913-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகோலாய் அனிச்கோவ் என்ற மருத்துவர், முட்டை மஞ்சள் கருவிலிருந்து பிரித்த கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். முயல்களின் ரத்தக்குழாய்களில் கொழுப்பு படிந்தது. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறினால் குழாய் அடைக்கும் என்ற உண்மை அங்கே கிடைத்தது, அது இன்றும் நிற்கிறது. ஆனால் முயல் புல் தின்னும் பிராணி. அதன் உணவில் கொலஸ்ட்ரால் என்ற பொருளே கிடையாது, வந்தால் சமாளிக்க அதன் உடம்புக்குத் தெரியாது. எலிக்கும் நாய்க்கும் கொடுத்தபோது அதே விளைவு வரவில்லை.

மனிதன் முயல் இல்லை. நம் உடம்புக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். செல் சவ்வு, பித்தநீர், பல ஹார்மோன்கள் எல்லாம் அதில்லாமல் நடக்காது. அதனால் உணவை நம்பாமல் உடம்பே தினமும் ஒரு கிராம் அளவுக்குத் தயாரித்துக்கொள்கிறது. ஐந்தாறு முட்டைக்குச் சமமான சரக்கு! கல்லீரல் இதில் ஒரு பங்கைப் பித்தநீரோடு குடலுக்குள் விடுகிறது. நாம் சாப்பிடும் முட்டையின் கொலஸ்ட்ரால் அங்கே போய்க் கலக்கும்போது கூட்டத்தோடு கூட்டமாகத்தான் நிற்கிறது. சிறுகுடல் மொத்தத்தில் ஏறக்குறைய பாதியை உறிஞ்சும். மீதி வெளியே போய்விடும்.

உள்ளே போன பாதி கல்லீரலைச் சேர்ந்ததும் ஒரு அழகான காரியம் நடக்கிறது. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் போதிய அளவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் புரதங்கள் உண்டு. நிறைந்துவிட்டது என்று தெரிந்தால், கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதிக்கான உத்தரவு நின்றுவிடும். மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்பதைப் போல. ஆனால் கூடவே இன்னொன்றும் குறைகிறது. ரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். துகள்களை, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை, பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலின் மேற்பரப்பில் இருக்கின்றன. தொட்டி நிரம்பினால் அவையும் குறையும், எல்.டி.எல். ரத்தத்திலேயே கொஞ்சம் தங்கிவிடும். இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, முட்டை ரத்தக் கொலஸ்ட்ராலை ஏற்றவே ஏற்றாது என்பதும் பொய். தினம் ஒரு முட்டை கூடினால் சராசரியாக டெசிலிட்டருக்கு நாலு மில்லிகிராம் அளவுக்கு ஏறும். சிலருக்கு அதைவிட அதிகம், சிலருக்கு அசையவே அசையாது. ஏற்பிகளை இன்னும் பலமாக அமுக்குவது நிறைவுற்ற கொழுப்பு. அது முட்டையில் ஒன்றரை கிராம்தான். பெரியப்பா தேடும் கொழுப்புத் துண்டிலும், ஆம்லெட் மிதக்கும் நெய்யிலும்தான் நிறைய.

அசையாதவர்களில் ஒருவர் மருத்துவ வரலாற்றிலேயே இடம் பிடித்தார். அமெரிக்காவின் கொலராடோவில் 88 வயதுப் பெரியவர் ஒருவர் தினமும் 25 முட்டை சாப்பிட்டார், பதினைந்து வருடத்துக்கு மேலாக. விட முடியாத ஒரு மனப்பழக்கம். ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 200, சாதாரண அளவுதான். 1991-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அவர் கதை வெளியானது. அவர் குடல் 18 சதவீதத்தைத்தான் உறிஞ்சியது. கல்லீரல் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு பித்த அமிலம் தயாரித்து, வந்த கொலஸ்ட்ராலைச் செலவழித்தது. இதைப் படித்துவிட்டு யாரும் 25-ஐ முயற்சி செய்ய வேண்டாம். அது அவருடைய உடம்பு.

அப்புறம், மாரடைப்பு? பெரிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2019-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, நாளைக்கு அரை முட்டை கூடினாலே இதய நோய் ஆபத்து ஆறு சதவீதம் கூடுகிறது என்றது. சீனாவில் சுமார் ஐந்து லட்சம் பேரைத் தொடர்ந்த ஆய்வில், தினம் ஒரு முட்டை சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. முட்டையைப் பன்றி இறைச்சியோடும் வெண்ணெயோடும் சாப்பிடும் ஊரும், சோற்றோடும் காய்கறியோடும் சாப்பிடும் ஊரும் ஒன்றாகுமா? என் சந்தேகம் அந்தப் பக்கம்தான். 2015-ல் அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி அந்த 300 மில்லிகிராம் வரம்பைக் கைவிட்டது. ஆரோக்கியமாக இருப்பவருக்குத் தினம் ஒன்று பரவாயில்லை என்பதுதான் இப்போது பலரும் ஏற்கும் அளவு. சர்க்கரை நோயோ உயர்ந்த எல்.டி.எல்.லோ இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வதே சரி.

மஞ்சள் கருவை எறிந்தால் கொலஸ்ட்ரால் மட்டும் போவதில்லை. மூளைக்கும் கல்லீரலுக்கும் வேண்டிய கோலின், வைட்டமின் ஏ, டி, பி12-இன் பெரும்பகுதி, விழித்திரையில் சேரும் லூட்டின் எல்லாம் சேர்ந்துதான் போகும். முட்டையின் ஆறு கிராம் புரதத்தில்கூடப் பாதிக்குக் கொஞ்சம் குறைவு மஞ்சளில்தான் இருக்கிறது. பச்சை முட்டையை அப்படியே குடிக்கும் ஜிம் பையன்களுக்கு ஒன்று: வெந்த முட்டைப் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு செரிக்கிறது என்றால், பச்சையில் பாதிதான். சால்மோனெல்லா கிருமி வேறு.

பெரியப்பா இரவில், உடம்பு கொலஸ்ட்ரால் தயாரிப்பதைத் தடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஒன்று போடுகிறார். அந்த வகை மருந்தின் முதல் பொருளை ஜப்பானில் அகிரா எண்டோ, கியோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியில் இருந்த பூஞ்சையிலிருந்து 1973-ல் எடுத்தார். எலிக்குக் கொடுத்துப் பார்த்தார், கொலஸ்ட்ரால் இறங்கவில்லை. ஆராய்ச்சியே நிற்கும் நிலை. அப்போது அவருக்குத் தோன்றியது: தினமும் இத்தனை கொலஸ்ட்ராலை முட்டைக்குள் வைக்கும் கோழி, அதை உள்ளேயே தயாரிக்கத்தானே வேண்டும்? 1976-ல் சக ஊழியர் ஒருவர் வைத்திருந்த முட்டைக் கோழிகளின் தீவனத்தில் மருந்தைக் கலந்து கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் கோழிகளின் ரத்தக் கொலஸ்ட்ரால் பாதியளவுக்கு இறங்கியது. முட்டையிடுவது குறையவில்லை.

இதைச் சொன்னபோது பெரியப்பா மாத்திரைப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோழிக்குக் கொடுத்ததா இது?" என்றார். மஞ்சள் கரு இன்னும் என் தட்டுக்குத்தான் வருகிறது. எனக்கு ஆட்சேபணை இல்லை.